மாட்ரிட் நகரில் ஒரு மழைநாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

ஐரோப்பியப் பயணத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தார்கள். பதினாறு நாளில் ஐந்து நாடுகளைச் சுற்றி வந்தவன் நான். அரைமணி நேரத்தில் ஐந்து நாடுகளையும் சொல்லப் புகுந்தால், அது ரயில்வே கால அட்டவணையைப் படித்துக் காட்டியது போல் ஆகும். ஆகவே நான்கு நாடுகளை விட்டுவிடுகிறேன். ஐந்தாவது நாடாகிய ஸ்பெயினிலும் ஒரே ஊரை, அந்த ஊரிலும் ஒரே நாளைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அன்று காலை முதல் இரவு வரை மழை பெய்தது. மழை பெய்யாதிருந்தால் நாங்களும் மற்றவர்களைப் போல் அரண்மனை வாயிலில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, பூங்காவில் உலாவிவிட்டுத் திரும்பியிருப்போம். மழை எங்களை ஓவியக் கூடங்களுக்குள்ளும் உணவுச் சாலைகளுக்குள்ளும் துரத்தியது. அதற்காக அந்த மழைக்கு நான் நன்றியுடையவன்.

மாட்ரிட் நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில், ஸ்பெயின் நாட்டின் நடுமேட்டில் அமைந்தது. புரட்டாசித் திங்களின் இறுதியில் நாங்கள் சென்றபோது, நம் ஊர் மார்கழிக் காலை போன்ற குளிர் இருந்தது. நான், என் மனைவி, ஜெர்மனியில் பணிபுரியும் என் மகள் ஆகிய மூவரும் சென்றிருந்தோம். மூவர்க்கும் குடைகள் இரண்டுதான்.

காலைச் சிற்றுண்டியிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். அந்நகரத்தார் மழைக்காலக் காலையில் விரும்பி உண்பது சுர்ரோ என்னும் பலகாரம். கோதுமை மாவைக் கொதிநீரில் உப்பிட்டுக் கிளறி, விண்மீன் வடிவத் துளையுள்ள அச்சில் இட்டுப் பிழிந்து, எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். பொரிப்பவர் அச்சை அழுத்தி, நீண்டு விழுவதைக் கையால் வளைத்துச் சுற்றியதைக் கண்டதும் என் மனைவி, "முள்ளு முறுக்கு!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அரிசியும் உளுந்தும் இல்லை, சுவையும் வேறு. ஆனாலும் அந்தக் கையின் வேலை நம் பாட்டிமார் செய்த வேலைதான். இதனைக் கெட்டியான சுடு சாக்லேட்டில் தோய்த்து உண்கிறார்கள். குடிப்பதற்குரிய பானம் என்று எண்ணிவிடாதீர்கள். கரண்டி நிமிர்ந்து நிற்கும் அளவுக்குக் குழம்பாக இருக்கிறது. அந்தச் சாக்லேட்டுக்குரிய கொக்கோ ஸ்பெயினில் விளைந்ததன்று. கடல் கடந்து மெக்ஸிகோவிலிருந்து வந்தது. அன்று முழுவதும் நாங்கள் உண்டவற்றுள் பாதிக்கு மேல் இவ்வாறு எங்கிருந்தோ வந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவை.

பிராதோ கலைக்கூடத்துக்கு நுழைவுச் சீட்டை மகள் கைப்பேசியிலேயே முன்கூட்டி வாங்கியிருந்தாள். வாங்காதவர்கள் மழையில் நீண்ட வரிசையில் நின்றார்கள். மூன்றாம் சார்லஸ் மன்னன் 1785இல் இயற்கைப் பொருட்காட்சிக்கென்று வரையச் செய்த கட்டடம் அது. போரும் பஞ்சமும் வந்து வேலை நின்றது. பின்னர் அவன் பேரனாகிய ஏழாம் பெர்டினாந்தின் மனைவி இசபெல் அரசி, அரண்மனைகளில் சிதறிக் கிடந்த ஓவியங்களை அங்கே திரட்டி வைக்க முயன்றாள். 1819ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் கூடம் திறக்கப்பட்டது. அரசி அதனைக் காணவில்லை. முந்தைய ஆண்டு இறுதியிலேயே இறந்துவிட்டாள்.

இத்தகைய பெரிய கூடத்தில் எல்லாவற்றையும் பார்ப்பது என்பது எதையும் பாராமையே ஆகும். நாங்கள் ஐந்து ஓவியங்களை மட்டும் பார்ப்பதென்று முன்பே உறுதி செய்துகொண்டோம். ஐந்து என்றது ஏழாயிற்று. அதற்கு மேல் போகவில்லை. அவற்றுள்ளும் மூன்றைப் பற்றி மட்டுமே இங்குச் சொல்கிறேன்.

முதலாவது, வெலாஸ்கெஸ் 1656இல் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்'. 'அரசகுமாரியின் தோழிப் பெண்கள்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பத்தரை அடி உயரம், ஒன்பதடி அகலம். நடுவில் ஐந்து வயதுச் சிறுமி அரசகுமாரி மார்கரீத்தா நிற்கிறாள். இருபுறமும் தோழியர் இருவர். ஒரு புறம் அரண்மனையில் வாழ்ந்த குறளுருவினர் இருவர். அவர்களுள் சிறுவனாகத் தோன்றுபவன் படுத்திருக்கும் பெரிய நாயின்மேல் காலை வைத்து எழுப்பப் பார்க்கிறான். இடப்பக்கம் மிகப் பெரிய துணிச்சட்டத்தின் முன்னே கையில் தூரிகையுடன் ஓவியரே நிற்கிறார். பின்சுவரில் ஒரு கண்ணாடி. அதில் அரசனும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். அவ்விருவரும் எங்கே நிற்கிறார்கள்? ஓவியத்துக்கு வெளியே, நாம் நிற்கும் இடத்தில்! சீட்டு வாங்கிக்கொண்டு ஈரக் குடையைக் கீழே ஒப்படைத்துவிட்டு வந்த ஒரு குடும்பம், நான்காம் பிலிப்பு மன்னன் நின்ற இடத்தில் நிற்கிறது. அரசகுமாரி எங்களைத்தான் பார்க்கிறாள்.

தோழிகளுள் ஒருத்தி மண்டியிட்டு, தட்டில் வைத்து ஒரு சிறிய சிவந்த மண் குவளையை நீட்டுகிறாள். பொன்னும் வெள்ளியும் நிறைந்த அரண்மனையில் மண் குவளைக்கு என்ன வேலை? அக்காலச் சீமாட்டிகள் அந்த மண்ணின் மணத்துக்காகவே அதில் நீர் பருகினார்களாம். சிலர் அந்த மண்ணையே கடித்து மென்றார்களாம். மெக்ஸிகோவிலிருந்தும் அத்தகைய மண் கலங்கள் கப்பலில் வந்தன. புதுப் பானையில் ஊற்றிய நீரின் மணத்தை அறிந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஓவியத்தைப் பற்றி அறிஞர்கள் எழுதியவை ஒரு நூலகத்தையே நிரப்பும். என் மனைவி அதில் கண்டது அந்தக் குவளையைத்தான். அவள் பார்வை குறைந்ததென்று நான் நினைக்கவில்லை.

இந்த ஓவியம் இன்று அங்கே இருப்பதே வியப்பு. 1734ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் மாட்ரிட் அரண்மனை தீப்பற்றியது. ஓவியங்களைச் சட்டங்களிலிருந்து பிரித்துச் சன்னல்களின் வழியே வெளியே எறிந்து காத்தார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்டவை சாம்பலாயின. 'லாஸ் மெனினாஸ்' சிறு ஊறுடன் தப்பியது. எரிந்து போனவற்றுள் வெலாஸ்கெஸின் வேறோர் ஓவியமும் ஒன்று. 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்து ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். முன்னே முஸ்லிம்களாயிருந்து கிறித்துவராக்கப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்த வெளியேற்றத்தைப் புகழ்ந்து அரசன் தீட்டச் செய்த படம் அது. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் படத்தை நெருப்புக் கொண்டுபோயிற்று. அவர்களுடைய உணவு மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இரண்டாவது, கோயா 1814இல் தீட்டிய 'மே மூன்றாம் நாள்'. 1808இல் நெப்போலியனின் படை மாட்ரிட்டைப் பிடித்திருந்தபோது மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாள் விடியுமுன் பிடிபட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தரையில் ஒரு பெரிய விளக்கு. வெள்ளைச் சட்டை அணிந்த ஓர் ஏழை இரு கைகளையும் விரித்து நிற்கிறான். சுடும் படைவீரர்கள் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள், ஒருவனுக்கும் முகமில்லை. அதன் முன் நின்றபோது எனக்கு நம் ஜாலியன்வாலாபாக் நினைவுக்கு வந்தது. இடமும் காலமும் வேறு; அந்தத் துப்பாக்கி வரிசை வேறன்று.

மூன்றாவது, அதே கோயா தம் முதுமையில், செவிப்புலனை இழந்து தனித்திருந்த வீட்டுச் சுவர்களில் தமக்காகவே தீட்டிய பதினான்கு கருநிற ஓவியங்களுள் ஒன்று. மஞ்சளும் பழுப்புமான பெருவெளி. கீழே ஓர் ஓரத்தில் நாய் ஒன்றின் தலை மட்டும் தெரிகிறது. வேறொன்றும் இல்லை. அது மூழ்குகிறதா, ஏறி வருகிறதா என்று மகளும் நானும் வாதிட்டோம். கோயா அந்த வீட்டையும் நாட்டையும் விட்டுப் பிரான்சுக்குச் சென்று, 1828இல் போர்தோ நகரில் காலமானார். சுவரோவியங்களை 1874 முதல் துணிக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள்.

இனி, அந்தக் கூடத்தின் சுவர்கள் வெறுமையாய் இருந்த காலத்தைச் சொல்ல வேண்டும். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் பிராங்கோ தரப்பு விமானங்கள் வீசிய தீக்குண்டுகள் பிராதோவின் கூரைமீதும் விழுந்தன. குடியரசு அரசாங்கம் தலைசிறந்த ஓவியங்களை லாரிகளில் ஏற்றி வலென்சியா நகருக்கு அனுப்பிற்று. 'லாஸ் மெனினாஸ்' போன்ற பெரிய சித்திரங்கள் ஏறிய லாரி, அர்கான்தா என்னும் ஊரிலுள்ள இரும்புப் பாலத்தின் மேற்சட்டங்களுக்குள் நுழையவில்லை. நள்ளிரவில் இறக்கி, உருளைகளின்மேல் வைத்துக் கையால் தள்ளிப் பாலத்தைக் கடத்தினார்களாம். பெனிகார்லோ என்னுமிடத்தில் ஒரு வீட்டின் மேன்மாடம் இடிந்து லாரிமேல் விழுந்து கோயாவின் இரு பேரோவியங்கள் கிழிந்தன. போர்முனை நெருங்க நெருங்க ஓவியங்கள் வலென்சியாவிலிருந்து கத்தலோனியாவுக்கும், 1939 பிப்ரவரியில் எல்லையைக் கடந்து ஜெனீவாவுக்கும் போயின. அதே நாட்களில், அதே எல்லையை நோக்கி, மூட்டை முடிச்சுகளுடன் இலட்சக்கணக்கான மக்களும் நடந்தார்கள். அன்று கோடையில் ஜெனீவாவில் அவ்வோவியங்களுள் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வேளையில் அவை ரயிலேறி மாட்ரிட் திரும்பின. நடந்து போன மக்களுள் பலர் திரும்பவில்லை.

படையெடுப்புக்கு அஞ்சிச் செப்புத் திருமேனிகளை மண்ணில் புதைத்துக் காத்த வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. தஞ்சைக் கலைக்கூடத்தில் ஒயிலாக நிற்கும் திருவெண்காட்டு இடபவாகன தேவர் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டவரே. புதைத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. பாலத்தின்மேல் ஓவியத்தைத் தள்ளிச் சென்ற கூலியாட்களின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை.

பிராதோவுக்கு எதிரில் தைசென் கலைக்கூடம் உள்ளது. ஒரு செல்வக் குடும்பம் திரட்டிய தொகுப்பை 1993இல் ஸ்பெயின் அரசு விலைக்கு வாங்கியது. அங்கு ஒரு மணி நேரமே இருந்தோம். கிர்லாந்தாயோ வரைந்த பிளாரன்சு நகரத்து இளம் பெண் ஜியோவானாவின் பக்கவாட்டு உருவத்தை மட்டும் நின்று பார்த்தேன். பிள்ளைப்பேற்றில் இறந்தவளை இறந்த பின்னர் வரைந்த படம் அது. வயிறு பசித்தபோது மணி இரண்டு. மாட்ரிட் நகரத்தார்க்கு அதுதான் மதிய உணவின் தொடக்கம். இரவு உணவோ ஒன்பது மணிக்கு முன் இல்லை.

இப்போது உணவுக்கு வருகிறேன். தாய்மார்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்பது முகங்களிலே தெரிகிறது! என் மனைவி சைவ உணவினள். முதலில் நுழைந்த உணவுச் சாலையில், இறைச்சி வேண்டாம் என்று ஸ்பானிய மொழியிலேயே மகள் சொன்னாள். பரிமாறுபவர் தலையசைத்துவிட்டுப் போய், பன்றித் தொடைக்கறித் துண்டுகள் தூவிய பட்டாணியைக் கொண்டுவந்து வைத்தார். கேட்டதற்கு, "இது இறைச்சியன்று, ஹமோன்" என்றார். ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. உப்பிட்டு உலர்த்திய அந்தத் தொடைக்கறி அவர்கள் கணக்கில் ஊறுகாய் போன்றது. வெளியே வந்து, அடுத்த தெருவில் வேறோர் இடம் பார்த்தோம்.

அங்கே நான் கேட்டுப் பெற்றது கோசிதோ என்னும் மாட்ரிட் நகரத்துப் பேருணவு. இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலையை இறைச்சி, கோஸ், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றுடன் மெல்லிய தீயில் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். அதை மூன்று முறையாகப் பரிமாறுவது மரபு. முதலில் வடித்த சாறு, சேமியாவுடன் வரும். அடுத்துக் கடலையும் காய்களும். இறுதியில் இறைச்சி. நாம் நடுவில் வைத்திருக்கும் ரசத்தை அவர்கள் முதலிலேயே குடித்துவிடுகிறார்கள்! மழைநாளில் அந்த முறையே சிறந்தது என்று எனக்குத் தோன்றியது. மனைவிக்குக் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம், பூண்டு இட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கிய உணவு கிடைத்தது. அது நம் வீட்டுச் சமையலுக்கு ஓர் அடி தூரத்தில்தான் இருந்தது.

இந்தக் கோசிதோவின் பிறப்பை ஆராய்ந்தவர்கள் பலர், அதன் மூதாதை அதபினா என்னும் யூதர்களின் உணவு என்பார்கள். யூதர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே வெள்ளி மாலையே கடலையையும் இறைச்சியையும் பானையிலிட்டுக் கனலில் வைத்துவிடுவார்கள்; மறுநாள் நண்பகலுக்கு அது பதமாய் இருக்கும். 1492ஆம் ஆண்டு, கொலம்பஸ் கப்பலேறிய அதே ஆண்டு, பெர்டினாந்தும் இசபெல்லும் ஆணை பிறப்பித்தார்கள். அதன்படி யூதர்கள் மதம் மாற வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மாறி அங்கேயே தங்கியவர்களைச் சமய விசாரணை மன்றம் வேவு பார்த்தது. பன்றிக் கொழுப்பில் சமைக்கிறார்களா, எண்ணெயில் சமைக்கிறார்களா என்பதுகூடச் சாட்சியமாயிற்று. அண்டை வீட்டார் மூக்கால் முகர்ந்து முறையிட்டார்கள். பழைய பானையில் பன்றி இறைச்சி விழுந்தது அவ்வச்சத்தால்தான் என்பது அவ்வாராய்ச்சியாளர்களின் கருத்து. என் முன் வைத்த மூன்றாவது தட்டைப் பார்த்தபோது, அதில் ஒரு குடும்பத்தின் நடுக்கமும் சேர்ந்து வெந்திருப்பதாக உணர்ந்தேன்.

வெளியேறிய யூதர்கள் சலோனிக்கா, இஸ்தான்புல் முதலிய நகரங்களில் குடியேறினார்கள். அன்பர்களே, நான் இன்று பேச வந்ததே இவர்களுக்காகத்தான் என்று சொன்னாலும் பொருந்தும். துரத்திய நாட்டின் மொழியை அவர்கள் துறக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்பானிய மொழியை, எபிரேய எழுத்துகளில் எழுதிக்கொண்டு, அடுக்களையிலும் தாலாட்டிலும் கடைத்தெருவிலும் ஐந்து நூற்றாண்டுகள் பேசிவந்தார்கள். ஸ்பெயினிலேயே மறைந்துபோன பழைய ஒலிகள் அவர்கள் வாயில் நிலைத்திருந்தன. அவர்களுக்கு அரசு இல்லை. பாடநூல் அனுப்பும் தாய்நாடு இல்லை. நம் குடியிருப்பிலோ, ஓர் இரவு ரயில் பயணத்துக்கோ இரண்டு இரவுப் பயணத்துக்கோ அப்பால் முழுத் தமிழ்நாடும் இருக்க, மூன்றாம் தலைமுறை வருமுன்பே, பெற்றோர் தமிழில் கேட்க, பிள்ளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ மறுமொழி தருகிறது. என் வீடு இதற்கு விலக்கு என்று நான் சொல்லவில்லை.

அம்மொழி இன்று அருகிவிட்டது. பேசியவர்கள் சலித்து விட்டுவிட்டது மட்டும் அதற்குக் காரணமன்று. 1943இல் சலோனிக்கா யூதர்களுள் மிகப் பெரும்பாலோரை நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயிலேற்றிக் கொன்றார்கள். 2015இல் ஸ்பெயின் நாடு, அன்று துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் குடியுரிமை கோரலாம் என்று சட்டம் இயற்றியது. 2019இல் விண்ணப்பக் காலம் முடிந்தது. மொரிஸ்கோக்களின் வழிவந்தவர்களுக்கு அத்தகைய சட்டம் வரவில்லை. ஆனால் அரபு மக்கள் விட்டுச்சென்ற சொற்களின்றி ஸ்பானியர்களால் ஒருவேளைகூடச் சமைக்க முடியாது. அரிசிக்கு அரோஸ், சர்க்கரைக்கு அசூக்கர், எண்ணெய்க்கு அசெய்த்தே, குங்குமப்பூவுக்கு அசப்ரான். எல்லாம் அரபு வழிச் சொற்கள்.

உணவின் முடிவில் ஆரஞ்சுச் சுளைகளை இலவங்கப்பட்டைப் பொடி தூவிக் கொடுத்தார்கள். அப்பழத்துக்கு அவர்கள் மொழியில் நரான்ஹா என்று பெயர். அரபில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்கம். அதற்கும் அப்பால் தேடிச் சென்ற மொழியறிஞர்கள் பலர், நாரத்தை என்று நாம் வழங்கும் சொல்லின் திராவிட வேரைச் சுட்டுகிறார்கள். நம் கூட்டங்களில் உலகத்துச் சொற்களையெல்லாம் தமிழாக்கிக் காட்டும் ஆர்வம் சிறிது மிகுதி. நான் இந்த ஒரு நாரத்தையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாலை நான்கு மணிக்கு மழை வலுத்தது. ரெய்னா சோபியா என்னும் புதுக்காலக் கலைக்கூடத்துக்குச் சென்றோம். பதினெட்டாம் நூற்றாண்டில் மருத்துவமனையாகக் கட்டிய கட்டடம்; நீண்ட தாழ்வாரங்களும் கனத்த சுவர்களும் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் மாடியில் பிக்காஸோவின் 'கெர்னிகா' இருக்கிறது. பதினொன்றரை அடி உயரம், இருபத்தைந்தரை அடி நீளம்; நிறம் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும்.

கெர்னிகா என்பது ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்களின் ஊர். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. பிராங்கோவுக்குத் துணை வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் சந்தை நாளில் அவ்வூரைக் குண்டு வீசி எரித்தன. பாரிசில் இருந்த பிக்காஸோ செய்தித்தாளில் அதைப் படித்தார். அங்கு நடைபெறவிருந்த உலகப் பொருட்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் மண்டபத்துக்கு ஓர் ஓவியம் தருவதாக அவர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். மே, ஜூன் மாதங்களில் இதனைத் தீட்டி முடித்தார். இறந்த குழந்தையை ஏந்தி வானை நோக்கி அலறும் தாய், ஈட்டி பாய்ந்து கதறும் குதிரை, திரும்பிப் பார்க்கும் எருது, முறிந்த வாளைப் பற்றிய கை, மேலே ஒரு மின்விளக்கு. படத்தில் குண்டும் இல்லை, விமானமும் இல்லை. எந்த ஊர், எந்த நாடு என்ற குறிப்பும் இல்லை. ஆகையால்தான் போர் நடக்கும் ஊர்தோறும் மக்கள் இதைத் தங்கள் படமாக ஏந்துகிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் தம் பேரனுக்கு அதனைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது. பையன் விரல் நீட்டி ஒவ்வோர் உருவாக எண்ணினான். தாயின் உருவம் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டான். முதியவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஓவியத்தின் பயணத்தைக் கேளுங்கள். பாரிசிலிருந்து ஸ்காண்டினேவிய நாடுகள், இங்கிலாந்து, 1939இல் அமெரிக்கா. பின்னரும் பல நகரங்களுக்குச் சுருட்டிச் சுருட்டிக் கொண்டு சென்றதால் அதன் வண்ணப் பூச்சில் வெடிப்புகள் விழுந்தன. நியூயார்க் நகரத்துக் கலைக்கூடத்தில் அது நெடுங்காலம் தங்கியது. ஸ்பெயினில் மக்களின் உரிமைகள் மீண்ட பின்னரே அங்கே அனுப்பவேண்டும் என்பது பிக்காஸோவின் நிபந்தனை. பிராங்கோவின் அரசு கேட்டபோதும் அவர் இணங்கவில்லை. குடியரசு 1936இல் அவரையே பிராதோவின் தலைவராக அமர்த்தியிருந்தது. அவர் வந்து அந்த இருக்கையில் அமரவே இல்லை. 1973இல் பிரான்சிலேயே இறந்தார். 1975இல் பிராங்கோ இறந்தார். 1978இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1981 செப்டம்பர் 10ஆம் நாள் ஓவியம் மாட்ரிட் வந்து இறங்கியது. கடைசி அகதி வீடு திரும்பிற்று என்று அந்நாட்டு மக்கள் அன்று கூறினார்கள். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னே, துப்பாக்கி ஏந்திய காவலுடன் பிராதோவின் கிளை மண்டபத்தில் அதை வைத்தார்கள். 1992இல் ரெய்னா சோபியாவுக்கு மாற்றினார்கள். 1995இல் கண்ணாடியை அகற்றினார்கள். 2023 வரை அதைப் படமெடுக்கவும் தடை இருந்தது.

இதில் என் மனதைப் பிடித்தது ஒன்று. வீடு திரும்பியது என்கிறோம். அந்த ஓவியம் அதற்கு முன் ஒரு நாள்கூட ஸ்பெயினில் இருந்ததில்லை! பாரிசில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, நாற்பத்து நான்கு வயதில் முதன்முதலாகச் 'சொந்த நாட்டை'க் கண்டது. நம் குடியிருப்பில் பிறந்த பிள்ளைகளைப் பாருங்கள். கோடை விடுமுறையில் "ஊருக்குப் போகிறோம்" என்கிறார்கள். எந்த ஊர்? அவர்கள் வாழாத ஊர், பள்ளிக்குச் செல்லாத ஊர், ரேஷன் அட்டையில் இல்லாத ஊர். ஆயினும் அவர்கள் சொல்வது பொய்யன்று. கெர்னிகா என்னும் ஊரைச் சேர்ந்த பாஸ்க் மக்களும் இந்த ஓவியம் தங்கள் மண்ணில் இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். இனியும் பயணம் செய்தால் துணி தாங்காது என்று கலைக்கூடத்தார் மறுக்கிறார்கள். இருசாரார் பேச்சிலும் நியாயம் உண்டு. என் மகள் பாஸ்க் மக்களின் கட்சி. நான் துணியின் கட்சி.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு சிறு உணவு விடுதிக்குள் நுழைந்தோம். மாட்ரிட்டுக்குக் கடல் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அந்நகரின் தெருவுணவு, பொரித்த கணவாயை ரொட்டிக்குள் வைத்துத் தருவது. மகள் அதை வாங்கினாள். நான் தோர்த்தியா வாங்கினேன். உருளைக்கிழங்கைச் சீவி ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து, முட்டையில் கலந்து, கனத்த அடையாக வார்த்து, தட்டைக் கவிழ்த்து மூடித் திருப்பிப் போடுகிறார்கள். அதில் வெங்காயம் சேர்ப்பதா கூடாதா என்று அந்நாட்டில் நிகழும் சண்டை, சாம்பாரில் வெல்லம் போடுவதா என்று இங்கே நிகழும் சண்டைக்குச் சற்றும் இளைத்ததன்று.

மனைவிக்கு வந்தது பாத்ரோன் என்னும் ஊரின் பெயர் கொண்ட சிறிய பச்சை மிளகாய்கள். எண்ணெயில் கொப்புளம் எழ வதக்கி, கல்லுப்புத் தூவித் தட்டு நிறையத் தந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை காரமற்றவை. எங்கோ ஒன்று மட்டும் உறைக்கும். எது என்று எவராலும் சொல்ல முடியாது.

மிளகாயை எதிரே வைத்துக்கொண்டு மகள் ஒரு செய்தி சொன்னாள். கொலம்பஸ் தேடிச் சென்ற பொருள்களுள் தலையாயது மிளகு. நம் மேற்குக் கடற்கரை மலைகளில் விளைந்த மிளகு. அவர் போய்ச் சேர்ந்ததோ அமெரிக்கா, கிடைத்ததோ மிளகாய். ஸ்பானியர் மிளகைப் பிமியெந்தா என்பர். புதிதாய்க் கிடைத்த காய் அதைப் போல் உறைத்ததால் பிமியெந்தோ என்று பெயரிட்டார்கள். பின்பு போர்ச்சுகீசியர் கப்பலில் அக்காய் நம் கரைக்கு வந்தபோது நம் முன்னோரும் தம் மிளகையே நினைத்து, மிளகாய் என்றார்கள். ஒருவரை ஒருவர் கேளாமலே இரண்டு மக்கள் ஒரே வகையில் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இன்று மிளகாய் இல்லாத தமிழ் அடுக்களை உண்டா? அது வேற்றூர்க் காய் என்று நம் பாட்டிமாரிடம் சொல்லியிருந்தால், ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள்.

தட்டில் ஏறத்தாழ இருபது இருந்தன. மகளும் நானும் அச்சத்தோடு ஒவ்வொன்றாகக் கடித்தோம். ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்தது மனைவி எடுத்த கடைசிக் காய்தான். அவள் கண்ணில் நீர் வர, தண்ணீர்க் குவளையை நான் நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, பரிமாறுபவரை அழைத்து இன்னொரு தட்டுக் கொண்டுவரச் சொன்னாள்.